பழைய கடைவீட்டு அறைகளைப் பழையபடி ஆக்குவது: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஸ்திரீட், குவீன் ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் பக்கம் கீழே கடையும் மேலே குடியிருப்புமாக உள்ள பழைய கடைவீடு வைத்திருக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். கோயில் வாசலில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், இரவில் வாட்ஸ்அப்பில் சுவரைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறார்கள். பழைய வீடுகளில் பழுதுபார்ப்பு வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். முகப்பைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இது வீட்டுக்குள்ளே இருக்கும் அறைகளைப் பற்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

எங்க வீடு எப்போ கட்டினதுன்னு வீட்டுலே யாருக்கும் தெரியலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எதிர்ச்சாரியில் நின்று மாடி ஜன்னலைப் பாருங்கள். மாடி முழுக்க ஒரே வரிசையாகப் பலகை ஜன்னல் ஓடினால் பெரும்பாலும் தென்சீனக் கலப்புப் பாணி. 1840களில் தொடங்கி 1910கள் வரை கட்டினார்கள். தரைவரை இறங்கும் சாய்பலகைக் கதவுகள் இரண்டோ மூன்றோ தனித்தனியாக இருந்தால் நீரிணைப் பாணி, 1890களுக்குப் பிந்தியது. சுதை வேலை, பூமாலை, அரைத்தூண் எல்லாம் நிறைந்திருந்தால் 1910களுக்கும் 1940களுக்கும் இடைப்பட்டது. நேர்க்கோடும் வளைவுமாக அலங்காரம் குறைந்திருந்தால் ஆர்ட் டெகோ, 1930களில் வந்தது. அந்த வகை வீடுகள் பலவற்றில் உச்சியில் வருஷமே பொறித்திருக்கும்.

ஆனால் முகப்பை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். வசதி வந்தபோது முகப்பை மட்டும் புதுப்பாணிக்கு மாற்றிக்கொண்டு, உள்ளே ஐம்பது வருஷம் பழைய வீட்டிலேயே குடியிருந்த குடும்பங்கள் உண்டு. மாடிப்படிக்கு அடியில் குனிந்து ஆணியைப் பாருங்கள். சதுரத் தண்டுள்ள ஆணி பழையது, உருண்டைக் கம்பி ஆணி பின்னால் வந்தது. வீட்டுப் பட்டா, மாநகர் கழகத்தில் உள்ள பழைய வரைபடம், கல்யாண ஆல்பத்தில் பின்னணியாக விழுந்த சுவர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறையக் காலம் பிடிபடும்.

ஒரிஜினல்னு சொல்றீங்களே, எது ஒரிஜினல்? கட்டின வருஷமா, எங்க தாத்தா இருந்த வருஷமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். என் பதில்: உங்கள் வீட்டில் எந்தக் காலம் அதிகமாக மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உங்கள் காலம். தரை 1920களின் பூ ஓடு, படிக்கட்டு அதே காலம், ஜன்னல் கம்பியும் அதே காலம் என்றால், அதற்கு முன்னால் 1880இல் மண் ஓட்டுத் தரை இருந்தது என்று தெரியவந்தாலும் பூ ஓட்டைப் பெயர்க்கக் கூடாது. தெரியாத ஒரு காலத்தைக் கற்பனையில் கட்டுவதற்காகக் கண்ணெதிரே இருக்கும் காலத்தை உடைக்கக் கூடாது.

இன்னொன்று. பழைய பாணி என்று பொதுவாக ஒன்று கிடையாது. காரைக்குடி வீடு பழையது, மலாக்காவில் மலாய்ப் பழக்கம் கலந்த சீனர்களான பாபாக்களின் வீடு பழையது, உங்கள் வீடும் பழையது. ஆனால் மூன்றும் வேறு வேறு. உங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியது உங்கள் வீட்டில் இருந்ததுதான். கீழே நான் சொல்லும் பதில்கள் பலவும் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

எங்கேயிருந்து வேலையை ஆரம்பிக்கணும்?

கூரையிலிருந்து. ஓடு ஒழுகும்போது கீழே சுவருக்குப் பூச்சு வேலை செய்வது காசைக் கடலில் போடுவதுதான். கூரை, மழைநீர்க் குழாய், முற்றத்துச் சாக்கடை மூன்றும் சரியான பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டைச் சும்மா விட்டுப் பாருங்கள். எந்தச் சுவர் தானே காய்கிறது, எது காயவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு சுவர், அதற்குப் பிறகு மரம், தரை. நிறம் கடைசியில்.

சுவர் இடுப்பளவுக்கு உரிஞ்சு உரிஞ்சு விழுது. நல்லாக் கெட்டியா சிமெண்டு பூசிட்டா நிக்காதா?

நிற்கும், இரண்டு மூன்று வருஷம். அதற்குப் பிறகு முன்னைவிட உயரத்தில் உரியும். ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற பாதிக் கேள்விகளுக்கு அவசியமே இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வீடுகளின் சுவர், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல். அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. மண்ணில் உள்ள ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியாக ஆவியாகிவிடும். உப்பு பூச்சின்மேல் வெள்ளையாகப் பூத்து உதிரும். உதிர்வது குறை இல்லை. பூச்சு தன்னைக் கொடுத்துச் செங்கல்லைக் காப்பாற்றுகிறது. அந்த இடத்தை மட்டும் சில வருஷத்துக்கு ஒருமுறை பூசிக்கொள்வதுதான் அந்தக் காலத்துப் பழக்கம். சிமெண்டுப் பூச்சு இந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் வெளியேற இடமில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. உப்பு பூச்சுக்கு உள்ளே, செங்கல் முகத்திலேயே படிகமாகி, செங்கல்லை மாவாக அரிக்கிறது. மேலே ஏறின ஈரம் மாடியின் உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தை எட்டினால் உத்திரத்தின் நுனி இற்றுப்போகிறது. பிளாஸ்டிக் பெயிண்டும் கிட்டத்தட்ட இதே கெடுதலைச் செய்யும். சுவரை மறைக்க அடிக்கும் பிளைவுட் பலகைக்குப் பின்னால் நடப்பது இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது: சிமெண்டுப் பூச்சைச் செங்கல் உடையாமல் மெதுவாகக் கொத்தி எடுங்கள். சுவரைத் திறந்தபடி காய விடுங்கள். சுவரின் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு பூக்கப் பூக்கத் தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும். ஈரத்துக்குக் காரணம் பல வீடுகளில் வாசலிலேயே இருக்கும். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, அஞ்சடியும் (வீட்டு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை) வீட்டுத் தரையும் தாழ்ந்துவிட்டன. சாக்கடை அடைப்பை எடுத்தாலே ஈரம் பாதி குறைந்த சுவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுண்ணாம்புப் பூச்சு இப்போ யார் செய்யறா? கடுக்காய், வெல்லம், முட்டை எல்லாம் சேர்க்கணுமாமே?

செய்கிறவர்கள் இருக்கிறார்கள், குறைவு. சிமெண்டு வேலை செய்து பழகிய கை அவசரப்படும், அதுதான் பிரச்சினை. நீற்றிய சுண்ணாம்பு மாதக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் ஊறியிருக்க வேண்டும். அது ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது, உப்பை நாமே சுவரில் பூசினது போல ஆகும். ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு மேல் கனம் வேண்டாம். பூசிய பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாக இறுக விட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது, வெயிலில் சட்டென்று காய்ந்தால் மாவாக உதிரும்.

கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளையும் செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான பூச்சுக்கு உரியவை. உங்கள் சுவரில் அந்தப் பளபளப்பு இருந்ததற்கு அடையாளம் இருந்தால் செய்யுங்கள். சாதாரணக் கடைவீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பும் மணலும் போதும்.

அந்தக் காலத்துலே என்ன கலர் அடிச்சிருந்தாங்கன்னு எப்படித் தெரியும்?

சுவரையே கேட்கலாம். வெயிலும் கையும் படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள்: கதவு நிலைக்கு மேல், மின்சார மீட்டர் பலகைக்குப் பின்னால், சாமி மேடைக்குப் பின்புறம். மெல்லிய கத்தியால் ஒவ்வொரு படலமாக, படிக்கட்டு மாதிரி, விரல் அகலத்துக்கு ஒரு படி சுரண்டிக்கொண்டே போங்கள். மேலே வெள்ளை பிளாஸ்டிக் பெயிண்ட், அடியில் பச்சை எண்ணெய்ப் பெயிண்ட், அதற்கும் அடியில் மஞ்சள் காவி, பிறகு வெளிர்நீலம் என்று வரும். பஞ்சில் தண்ணீர் தொட்டு ஒற்றினால் நிறம் தெளியும்.

கவனிக்க வேண்டியது நிறத்தைவிட அழுக்கை. இரண்டு படலங்களுக்கு நடுவே மெல்லிய கரும் கோடு தெரிந்தால், கீழே உள்ள நிறத்தோடு மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள், விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் அதன்மேல் படிந்திருக்கின்றன. அழுக்கே இல்லாமல் அடுத்த படலம் வந்தால் கீழே இருப்பது வெறும் அடிப்பூச்சு. அதை ஒரிஜினல் நிறம் என்று எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அடித்துவிடாதீர்கள். சுரண்டிய அந்தச் சிறு சதுரத்தை மூடாமல் அப்படியே விட்டுவையுங்கள், பின்னால் வருபவர்களுக்குச் சாட்சி.

அடிப்பதற்குச் சுண்ணாம்பு வெள்ளையில் கலந்த நிறமே நல்லது. நீர்த்த கலவையாக, நனைத்த சுவரில், நாலைந்து தடவை. லீத் ஸ்திரீட்டில் உள்ள சியோங் ஃபாட் சீ மாளிகையின் நீலச் சுவரைப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்தது. அந்த மாளிகையின் சீரமைப்புக்கு 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பழைய எண்ணெய்ப் பெயிண்டைச் சுரண்டும்போது முகமூடி போடுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். அதில் ஈயம் இருக்கக்கூடும்.

பூப்போட்ட தரை ஓடு பாதி உடைஞ்சு போச்சு. மொத்தத்தையும் எடுத்துட்டு ஊரிலேருந்து ஆத்தங்குடி ஓடு வரவழைக்கலாமா?

வேண்டாம். ஆத்தங்குடி ஓடு அழகு, ஆனால் அது இந்த வீட்டில் இருந்ததில்லை. பாதி நன்றாக இருக்கிறது என்றால் உங்களிடம் பாதித் தரை இருக்கிறது. நல்ல ஓடுகளை முன்கூடத்தில் சேர்த்துப் போட்டு, பின்கட்டில் சாதாரண மண் ஓடோ நிறம் ஒத்த எளிய ஓடோ போடுங்கள். ஓட்டைப் பெயர்த்தெடுக்கும்போது பின்பக்கம் பாருங்கள். சுவரில் பதிக்கும் வழவழப்பான பூ ஓடுகளின் பின்னால் செய்த நிறுவனத்தின் பெயரோ நாட்டின் பெயரோ அழுத்தியிருக்கும். இங்கிலாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, ஜப்பான் ஓடுகள் இங்கே வந்திருக்கின்றன. வீட்டின் காலத்தைச் சொல்ல அதுவும் ஒரு சான்று.

தரையில் உள்ள சிமெண்டுப் பூ ஓடு சூளையில் சுட்டதல்ல, அச்சில் அழுத்திச் செய்தது. நிறம் மேலே சில மில்லிமீட்டர்தான். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் நிறத்தோடு கரைந்துவிடும். வெந்நீர், மென்மையான சோப்பு, பொறுமை, இவ்வளவுதான் மருந்து. மண் ஓட்டுத் தரைக்கு மேல் பளபளவென்று வார்னிஷ் போடச் சொல்வார்கள். சுவருக்குச் சொன்ன காரணம் தரைக்கும் பொருந்தும்: அடைக்கப்பட்ட ஈரம் சுவரைத் தேடிப் போகும்.

முற்றத்தை மூடிட்டா இன்னொரு ரூம் கிடைக்குமே?

ஓர் அறை கிடைக்கும், வீடு போய்விடும். கடைவீடு அகலத்தில் ஐந்தாறு மீட்டர், நீளத்தில் முப்பது மீட்டருக்கும் மேல் போகும். இரண்டு பக்கமும் ஜன்னலே கிடையாது. நடுவில் உள்ள முற்றம்தான் வெளிச்சம், காற்று இரண்டுக்கும் வழி. மூடிய வீட்டில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும், சுவர் காயாது, உத்திரம் பூஞ்சணம் பிடிக்கும். மழைச்சாரல்தான் தொந்தரவு என்றால் விளிம்பில் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள், அந்தக் காலத்திலும் அதைத்தான் செய்தார்கள். முன்பே யாராவது மூடியிருந்தால், நீங்கள் செய்யும் வேலைகளில் அதைத் திறப்பதைவிடப் பலன் தருவது வேறில்லை.

கீழ்வீட்டுக்கு சீலிங் போட்டா அழகா இருக்குமா?

பல வீடுகளில் கீழே நின்று அண்ணாந்தால் மாடியின் உத்திரமும் தரைப்பலகையும் அப்படியே தெரியும், அதுதான் கூரை. பொய்க்கூரையைக் கழற்றினால் உயரமும் கிடைக்கும், கரையான் தடமும் கண்ணில் படும். முன்வாசலுக்கு மேலே தரைப்பலகையில் சிறு சதுர மூடி இருந்தால் ஆணி அடித்து அடைக்காதீர்கள். கதவைத் தட்டுவது யார் என்று மாடியிலிருந்து பார்க்க வைத்த ஓட்டை அது. பழைய பொய்க்கூரை சாம்பல் நிறக் கெட்டித் தகடாக இருந்தால் நீங்களே உடைக்க வேண்டாம். கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வர வேண்டும்.

உத்திரத்தைக் கரையான் தின்னுடுச்சு. இரும்பு பீம் போட்டுடலாமா?

முதலில் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்லது, பொத்தென்று கேட்கும் இடம் போனது. பெரும்பாலும் போயிருப்பது சுவருக்குள் நுழையும் முழம், ஒன்றரை முழம் மட்டும்தான். காரணத்தைச் சிமெண்டுப் பூச்சுக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். அந்த நுனியை வெட்டிவிட்டு அதே வகை மரத்தைப் பொருத்தி இணைக்கலாம். செங்ஙால் போன்ற கெட்டி மரம் கிடைப்பது அரிது, விலையும் அதிகம், அதனால்தான் இருப்பதைக் காப்பாற்றச் சொல்கிறேன். இடிக்கிற வீட்டிலிருந்து வரும் பழைய மரம் கிடைத்தால் புதியதைவிட நல்லது, அது காய்ந்து முறுக்கி முடித்த மரம். எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை மட்டும் பொறியாளர் சொல்லட்டும், ஆசாரி ஊகிக்க வேண்டாம்.

பிள்ளைங்க ஏர்கோன் இல்லாம தூங்க மாட்டேங்குது. பழைய பாணிக்கு ஏர்கோன் ஆகாதா?

ஆகும், ஓர் அறைக்கு. மாடியின் பின்னறையைத் தேர்ந்தெடுங்கள். வெளிப்பெட்டி பின்சந்துப் பக்கம் இருக்கட்டும், முற்றத்துச் சுவரில் துளை போடாதீர்கள். குளிர்ந்த சுவரில் பினாங்கின் ஈரக் காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும், அதனால் பகலில் அந்த அறையைத் திறந்து போடுவது கட்டாயம். ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத்துளைகளை அடைக்கச் சொல்வார்கள். சிமெண்டு வைத்து அடைக்காமல், கழற்றக்கூடிய பலகை செய்து இரவில் மட்டும் மூடுங்கள்.

வயரிங்கும் பாத்ரூமும் அந்தக் காலத்து மாதிரியா வைக்கணும்?

இல்லை. உயிருக்கும் சுகாதாரத்துக்கும் உரியவை இந்தக் காலத்துக்கே இருக்கட்டும். கம்பிகளைச் சுவரைக் கொத்திப் புதைக்காமல் குழாயில் வெளியே ஓட்டுங்கள். சுவரும் தப்பும், பின்னால் பழுது பார்க்கவும் எளிது. பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்யுங்கள். குளியலறையைப் பின்கட்டில், பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

வீட்டைக் கட்டினது சீனர். நாங்க ரெண்டு தலைமுறையா இருக்கோம். பழையபடி ஆக்கினா எங்க சாமியறை என்ன ஆகும்?

இதைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தயங்க வேண்டியதில்லை. உங்கள் குடும்பம் இருந்த இரண்டு தலைமுறையும் அந்த வீட்டின் வரலாறுதான். முன்கூடத்தின் பின்சுவர், நடுவில் மேடை, இரண்டு பக்கமும் உள்ளே போகும் வழி என்ற அமைப்பு பல கடைவீடுகளில் இருக்கிறது. சீனக் குடும்பங்கள் அங்கே தங்கள் மேடையை வைத்தார்கள். நம்மவர்கள் பலர் அதே இடத்தில் முருகனையோ மாரியம்மனையோ வைத்திருக்கிறார்கள். இடம் மாறவில்லை, தெய்வம் மாறியது. கதவுக்கு மேல் சீன எழுத்துப் பலகை இருந்தால் எடுக்காதீர்கள், மாவிலைத் தோரணம் அதன் கீழேயே தொங்கட்டும். எண்ணெய் விளக்குக்குப் பின்னால் கரி படியும் இடத்தில் கண்ணாடித் தகடு ஒன்று நிறுத்தினால் சுண்ணாம்புச் சுவர் தப்பும்.

பழைய சாமான் கடையிலே செதுக்கின கதவு, தூண் எல்லாம் கிடைக்குது. வாங்கி வெச்சா அந்தக் காலத்துக் களை வந்துடுமே?

வேறு வீட்டின் களை வரும். உங்கள் கதவு காணாமல் போயிருந்து, நிலையில் கீல் பதித்த பள்ளம் இருந்து, அளவும் காலமும் ஒத்தால் வாங்குங்கள். அலங்காரத்துக்காக வேண்டாம். தேவை இருப்பதால்தான் இன்னொரு வீட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் பரணையே ஒருமுறை ஏறிப் பாருங்கள். கடை முன்பக்கத்துப் பலகைகள் எண் எழுதியபடி அடுக்கி வைத்திருப்பது பல வீடுகளில் உண்டு.

உள்ளே செய்யற வேலைக்கும் மாநகர் கழகத்துலே அனுமதி வேணுமா? என் வீடு, என் காசு.

வேண்டும். நம் தெருக்கள் இருக்கும் ஜார்ஜ் டவுன் நகரம் 2008 ஜூலை 7இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மையப் பகுதி 109.38 ஹெக்டர், சுற்றுப் பகுதி 150.04 ஹெக்டர். 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் இங்கே நடப்பில் உள்ளது. கட்டடங்களை வகை பிரித்து எது செய்யலாம், எது கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். முற்றத்தைத் தொட்டாலும், படிக்கட்டை இடம் மாற்றினாலும், சுவரை இடித்தாலும் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. வேலை ஆரம்பித்த பிறகு நிறுத்தப்பட்டால் திறந்த கூரையோடு மழையில் நிற்கும் வீடு உங்களுடையதுதான். லெபோ ஆச்சேயில் உள்ள ஜார்ஜ் டவுன் உலக மரபு நிறுவனத்தின் அலுவலகத்தில் வரைபடம் போடும் முன்பே போய்ப் பேசுங்கள். மானியம் ஏதாவது இருக்கிறதா என்றும் அங்கேயே விசாரியுங்கள், அது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

பக்கத்து வீட்டுச் சுவரும் எங்க சுவரும் ஒண்ணுதான். அவங்க சிமெண்டு பூசிட்டாங்க. நாங்க என்ன செய்யறது?

நடுச்சுவர் இருவருக்கும் பொது. இரண்டு வீட்டு உத்திரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் பக்கம் அடைத்தால் ஈரம் உங்கள் பக்கமாக வெளியேறும். உங்கள் பக்கம் சுண்ணாம்பாக இருப்பது முன்னைவிட அவசியமாகிறது, அடிக்கடி பூசவும் வேண்டியிருக்கும். பேசிப் பாருங்கள். சண்டையாக ஆரம்பிக்காமல், உங்கள் சுவர் நன்றாக ஆன பிறகு கூட்டிப்போய்க் காட்டுங்கள். உங்கள் பக்கத்தில் உத்திரம் மாற்றும் வேலை இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

வீடு எங்களுது இல்லை, வாடகைதான். நாங்க ஏதாவது செய்யலாமா?

1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1 முதல் இல்லாமல் போனபின், வாடகைதாரர்களுக்கு இருந்த பிடி போய்விட்டது. அதனால் உரிமையாளரின் எழுத்து அனுமதியும் நீண்டகால ஒப்பந்தமும் இல்லாமல் பெரிய செலவில் இறங்காதீர்கள். பள்ளிவாசல் வக்ஃபு வீடானால் அதை நிர்வகிப்பவர்களின் அனுமதி வேண்டும். ஆனால் சேதம் செய்யாமல் இருப்பதற்கு அனுமதி தேவையில்லை. பிளைவுட் அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காதீர்கள், காற்றுத்துளையை அடைக்காதீர்கள், சாக்கடையைச் சுத்தமாக வையுங்கள். அந்தச் சட்டம் நடப்பில் இருந்த வருஷங்களில் வாடகைக்கு இருந்தவர்கள் எதையும் மாற்றாமல் வாழ்ந்ததால்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது.

எல்லாத்துக்கும் காசு இல்லை. ஒரே ஒரு அறைதான் முடியும். எந்த அறை?

கூரை ஒழுகினால் அந்தக் காசு கூரைக்கு. ஒழுகவில்லை என்றால் முன்கூடம் என்று எல்லோரும் சொல்வார்கள், வருகிறவர்கள் பார்க்கும் இடம் அதுதானே. நான் மாடியின் முன்னறையைச் சொல்வேன். நிலத்தின் ஈரம் அங்கே வருவதில்லை, அதனால் செய்த வேலை நிற்கும். பலகைத் தரை, சாய்பலகைக் கதவு, சுண்ணாம்புச் சுவர் மூன்றும் பெரும்பாலும் அங்கேதான் கெடாமல் இருக்கும். பிளாஸ்டிக் பெயிண்டைச் சுரண்டி எடுப்பது, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது, உடைந்த சாய்பலகைகளை மட்டும் மாற்றுவது, லினோலியம் விரிப்பைச் சுருட்டிவிட்டுப் பலகையைத் தேய்ப்பது, சுண்ணாம்பு அடிப்பது என்று வேலை முடிந்துவிடும். அதில் கொஞ்ச நாள் படுத்து எழுந்து பாருங்கள், அடுத்து எந்த அறை என்று உங்களுக்கே தெரியும்.